துறை மோதல்: ஒரே கணினியில் பல அரட்டைப் பதிலாள்கள்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – வலையமைப்பும் இணையமும்



ஒரு மென்பொருளை நிறுவி இயக்குகின்றீர்கள். அது எழும்பாமல் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற கருத்துடைய ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றது. பெரும்பாலான மாணவர்கள் உடனே செய்வது கணினியை நிறுத்தி மீள இயக்குவதுதான். அதுவும் பலிக்காவிட்டால் மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவார்கள். இரண்டும் வீண் வேலை. செய்தியில் எழுதியிருப்பது உண்மை. அதை வாசித்து விளங்கிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம். இச்செய்தி எதனால் வருகின்றது, யாரால் வருகின்றது, எவ்வாறு தீர்ப்பது என்பதை அரட்டை மென்பொருள்களுக்கான பதிலாள்களை உதாரணமாகக் கொண்டு பார்ப்போம். பாடத்தில் வரும் ஐ.பி. முகவரி, துறை, சேவையகம், சேவை பெறுநர், பதிலாள் சேவையகம், தீச்சுவர் ஆகிய சொற்கள் அனைத்தும் இங்கே வேலை செய்வதைக் காண்பீர்கள். வரைவிலக்கணமாக மனனம் செய்த சொற்கள் இப்படி ஒரு சிக்கலுக்குள் வரும்போதுதான் அவை மனதில் நிற்கும்.

துறை என்பது யாது?

வலையமைப்பில் உள்ள கணினியொன்றை இனங்காண ஐ.பி. முகவரி போதும். ஆனால் அந்தக் கணினிக்குள் ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் இயங்குகின்றன. வந்து சேரும் தரவுப் பொதி மின்னஞ்சல் மென்பொருளுக்கு உரியதா, மேலோடிக்கு உரியதா, அரட்டை மென்பொருளுக்கு உரியதா என்று பணிசெயல் முறைமை எவ்வாறு அறியும்? அதற்காகவே ஒவ்வொரு பொதியிலும் துறை எண் ஒன்று குறிக்கப்படுகின்றது.

துறை எண்ணுக்கு 16 பிற்றுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே 2 இன் 16 ஆம் அடுக்கு, அதாவது 65536 எண்கள் உண்டு. அவை 0 இலிருந்து 65535 வரை செல்லும். 65536 ஆம் துறை என்று ஒன்று இல்லை. 0 இலிருந்து எண்ணத் தொடங்குகின்றோம் என்பதை மறந்து பலர் இங்கே பிழை விடுகின்றார்கள்.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கலைப்பட்டதாரியாகிய எனக்கு இச்சொல் மிகவும் பிடிக்கும். ஆங்கிலத்தில் போட் என்ற சொல் கப்பல் வந்து நிற்கும் இடத்தையும் குறிக்கும், வாயிலையும் குறிக்கும். ஆகவே சில நூல்களில் வாயில் என்றும் எழுதியிருக்கக் காண்பீர்கள். நாம் துறை என்கின்றோம். பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என்ற ஊர்ப் பெயர்களில் உள்ள அதே துறைதான். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கணினியின் பின்புறத்தில் விசைப்பலகையையும் அச்சுப்பொறியையும் செருகும் துறைகள் வன்பொருள்; கண்ணால் காணலாம், கையால் தொடலாம். இங்கே நாம் பேசும் துறை வெறும் எண். பணிசெயல் முறைமை வைத்திருக்கும் பதிவேட்டில் உள்ள ஓர் இலக்கம்.

இந்த எண்கள் மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. 0 தொடக்கம் 1023 வரை நன்கறியப்பட்ட துறைகள். வலைப்பக்கங்களுக்கான 80, பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்கான 443, மின்னஞ்சல் அனுப்புவதற்கான 25 என்பன இதற்குள் அடங்கும். 1024 தொடக்கம் 49151 வரை பதிவுசெய்யப்பட்ட துறைகள். 49152 தொடக்கம் 65535 வரை தற்காலிகத் துறைகள். தற்காலிகத் துறைகளைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

அரட்டைக்கு ஏன் பதிலாள்?

பதிலாள் என்பவர் ஒருவருக்காக இன்னொருவர் இடத்தில் நிற்பவர். கூட்டத்துக்குப் போக முடியாதவர் பதிலாளை அனுப்பி வாக்களிப்பார் அல்லவா? கணினியிலும் அதுவே. உங்கள் மென்பொருள் தூரத்தில் உள்ள சேவையகத்துடன் நேரடியாகப் பேசாமல் பதிலாளுடன் பேசும். பதிலாள் சேவையகத்துடன் பேசும். கடைக்காரரும் நண்பர்களும் புறொக்சி என்பது இதைத்தான்.

அரட்டை உலகில் மிகப் பழையதும் இன்றும் இயங்குவதுமான ஒன்று ஐ.ஆர்.சி. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் என்பவர் 1988 ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். இதன் நடப்பொழுங்கு 1993 இல் எழுத்தில் வெளியிடப்பட்டது. இதற்கு முறைப்படி ஒதுக்கப்பட்ட துறை எண் 194. ஆயினும் நடைமுறையில் எல்லோரும் பயன்படுத்துவது 6667. குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்புக்கு 6697 என்று 2014 இல் வகுக்கப்பட்டது. 194 ஏன் புழக்கத்துக்கு வரவில்லை? யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 1024 இற்குக் குறைந்த துறைகளைத் திறக்க நிருவாகியின் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தைக் கொடுத்து அரட்டைச் சேவையகம் ஒன்றை இயக்குவது ஆபத்து. ஆகவே யாரும் திறக்கக்கூடிய உயர்ந்த எண்ணுக்குப் போனார்கள். இந்தச் சிறு காரணம் பின்னர் நமக்குப் பயன்படும்.

ஐ.ஆர்.சி. இல் ஒரு குறை உண்டு. நீங்கள் இணைப்பைத் துண்டித்தால், நீங்கள் இல்லாத வேளையில் மற்றவர்கள் பேசியது உங்களுக்குக் கிடையாது. இதற்காகவே இசட்.என்.சி. என்ற பதிலாள் மென்பொருளைப் பயன்படுத்துகின்றார்கள். அது இரவு பகலாகச் சேவையகத்துடன் இணைந்திருக்கும். நீங்கள் வரும்போது நடந்ததைக் காட்டும். இதற்கு முன்னர் பரவலாக இருந்த சை.பி.என்.சி. என்பதும் இதே வேலையைச் செய்தது. அதன் இயல்புநிலைத் துறை 31337.

பிட்ல்பீ என்பது இன்னொரு வகை. 2002 இல் வெளிவந்த இம்மென்பொருள் உங்கள் கணினியில் ஒரு சிறிய ஐ.ஆர்.சி. சேவையகம் போல நடிக்கும். ஆனால் அதன் பின்னால் வேறு அரட்டை வலையமைப்புகளுடன் இணையும். ஒரேயொரு ஐ.ஆர்.சி. மென்பொருளில் இருந்துகொண்டே எல்லா நண்பர்களுடனும் கதைக்கலாம் என்பதே இதன் நோக்கம். அக்காலத்தில் அது இணைந்த வலையமைப்புகளில் பல இன்று இல்லை. ஏ.ஐ.எம். 2017 டிசெம்பரிலும், யாஹூ மெசெஞ்சர் 2018 யூலையிலும், ஐ.சி.கியூ. 2024 யூனிலும் மூடப்பட்டன. எக்ஸ்.எம்.பி.பி. போன்றவை எஞ்சியிருக்கின்றன. பிட்ல்பீயின் இயல்புநிலைத் துறை எது என்று நினைக்கின்றீர்கள்? அதுவும் 6667 தான். ஐ.ஆர்.சி. சேவையகமாக நடிப்பதால் அதன் எண்ணையே எடுத்துக்கொண்டது.

இப்போது சிக்கல் தெரிகின்றதா? ஒருவர் தமது கணினியில் பிட்ல்பீயையும் வைத்திருக்கின்றார். இசட்.என்.சி. ஐயும் நிறுவி, பழக்கத்தின் காரணமாக அதற்கும் 6667 என்றே கொடுக்கின்றார். முதலில் எழும்பியது துறையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது எழும்பாது.

மோதல் எங்கே நிகழ்கின்றது? எங்கே நிகழ்வதில்லை?

இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

சேவையகம் போல இயங்கும் எந்த மென்பொருளும் முதலில் பணிசெயல் முறைமையிடம், "இந்த ஐ.பி. முகவரியில் இந்தத் துறையை எனக்குத் தாருங்கள், அங்கே வரும் இணைப்புகளுக்காக நான் காத்திருக்கின்றேன்" என்று கேட்கும். இதனைத் துறையில் செவிமடுத்தல் என்பர். ஒரு முகவரியில் ஒரு துறையில் வழமையாக ஒரு செயன்முறை மாத்திரமே செவிமடுக்கலாம். இரண்டாவதாகக் கேட்டவருக்குப் பணிசெயல் முறைமை மறுப்புத் தெரிவிக்கும். லினக்ஸில் அம்மறுப்பின் இலக்கம் 98. வின்டோஸில் 10048. பிழைச்செய்தியில் இந்த இலக்கத்தைக் கண்டால் வேறெதையும் சந்தேகிக்க வேண்டாம். துறை மோதலே தான்.

"அப்படியானால் ஒரு வலைச் சேவையகத்தின் 443 ஆம் துறைக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணைகின்றார்களே, அங்கே மோதல் இல்லையா?" என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். இல்லை. துறையில் காத்திருப்பவர் ஒருவர். வந்துபோகும் படகுகள் பல. ஓர் இணைப்பை இனங்காண நான்கு விடயங்கள் பயன்படுகின்றன: அனுப்புநரின் ஐ.பி. முகவரி, அனுப்புநரின் துறை, பெறுநரின் ஐ.பி. முகவரி, பெறுநரின் துறை. இந்நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறோர் இணைப்பு. உங்கள் கணினியிலிருந்து ஒரே சேவையகத்துக்கு இரண்டு இணைப்புகள் போனால், உங்கள் பக்கத்துத் துறை எண் வேறுபடும். அந்த எண்ணைப் பணிசெயல் முறைமையே தற்காலிகத் துறைகளிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றது.

ஆகவே இரண்டு பதிலாள்கள் தூரத்துச் சேவையகம் ஒன்றின் 6697 ஆம் துறைக்கு இணைவதில் எந்த மோதலும் இல்லை. இரண்டும் உங்கள் கணினியின் 6667 இல் செவிமடுக்க முயல்வதே மோதல். வெளியே போகும் இணைப்பின் எண்ணை மாற்றிவிட்டுச் சிக்கல் தீரவில்லையே என்று தலையைச் சொறிபவர்களை நிறையக் கண்டிருக்கின்றேன். அமைப்புக் கோப்பில் இரண்டு துறை எண்கள் இருக்கும்: ஒன்று செவிமடுக்கும் துறை, மற்றையது இணையப்போகும் சேவையகத்தின் துறை. மாற்ற வேண்டியது முதலாவதை.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். முதலாவது, ரி.சி.பி. துறைகளும் யு.டி.பி. துறைகளும் தனித்தனிப் பதிவேடுகள். ரி.சி.பி. 6667 இல் ஒன்றும் யு.டி.பி. 6667 இல் இன்னொன்றும் சண்டையின்றி இருக்கலாம். இரண்டாவது, முகவரி வேறானால் துறை ஒன்றாக இருக்கலாம். 127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி. வெளியிலிருந்து யாரும் அதை அடைய முடியாது. லினக்ஸில் ஒரு பதிலாளை 127.0.0.1 இன் 6667 இலும் இன்னொன்றை 127.0.0.2 இன் 6667 இலும் இயக்கலாம். ஆனால் 0.0.0.0 என்று எழுதினால், "இக்கணினியின் எல்லா முகவரிகளிலும்" என்று பொருள். அப்படி ஒன்று 6667 ஐப் பிடித்திருந்தால் லினக்ஸில் மற்றொன்றுக்கு எந்த முகவரியிலும் அந்த எண் கிடையாது. பிட்ல்பீயின் அமைப்புக் கோப்பில் இம்முகவரியையும் துறையையும் தனித்தனி வரிகளில் காணலாம்.

துறையை வைத்திருப்பவர் யார்?

ஊகிக்கக்கூடாது, பார்க்க வேண்டும். வின்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து நெட்ஸ்டாட் என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் ஏ, என், ஓ ஆகிய மூன்று எழுத்துகளையும் சேர்த்து ஆங்கிலத்தில் கொடுங்கள். ஏ என்றால் செவிமடுப்பவை உட்பட எல்லாவற்றையும் காட்டு. என் என்றால் பெயர்களுக்குப் பதில் எண்களைக் காட்டு. ஓ என்றால் செயன்முறை எண்ணையும் காட்டு. திரையில் வருவதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

ரி.சி.பி. | 0.0.0.0:6667 | 0.0.0.0:0 | செவிமடுக்கின்றது | 2148
ரி.சி.பி. | 127.0.0.1:6667 | 127.0.0.1:49822 | இணைந்துள்ளது | 2148
ரி.சி.பி. | 127.0.0.1:49822 | 127.0.0.1:6667 | இணைந்துள்ளது | 3380
ரி.சி.பி. | 192.168.1.5:50110 | 203.0.113.9:6697 | இணைந்துள்ளது | 2148

முதல் வரியில், 2148 என்ற எண்ணுடைய செயன்முறை எல்லா முகவரிகளிலும் 6667 இல் செவிமடுக்கின்றது. நாம் தேடியவர் இவரே. இரண்டாம், மூன்றாம் வரிகள் ஒரே இணைப்பை இரு கரைகளிலிருந்து பார்த்தவை: 3380 என்பது அரட்டை மென்பொருள், அது பதிலாளுடன் இணைந்துள்ளது. நான்காம் வரியில் அதே பதிலாள் வெளியே உள்ள சேவையகத்துடன் பேசுகின்றது. 49822, 50110 என்பவை பணிசெயல் முறைமை கொடுத்த தற்காலிகத் துறைகள். பதிலாள் என்பதன் வரைவிலக்கணத்தை இந்த நான்கு வரிகளிலிருந்தே எழுதிவிடலாம்: ஒரு பக்கம் சேவையகமாகவும் மறுபக்கம் சேவை பெறுநராகவும் இயங்குவது.

இனி 2148 யார் என்று அறிய வேண்டும். பணி முகாமையாளரைத் திறந்து செயன்முறை எண் நிரலில் தேடுங்கள். லினக்ஸில் எஸ்.எஸ். என்ற கட்டளையுடன் எல், டி, என், பி என்ற எழுத்துகளைச் சேர்த்தால் பெயரும் எண்ணும் ஒன்றாகவே வரும்; பிறர் இயக்கும் செயன்முறைகளின் பெயரைக் காண நிருவாகி அதிகாரம் வேண்டும்.

ஆளைக் கண்டதும் நிறுத்திவிட அவசரப்படாதீர்கள். வின்டோஸில் 4 என்ற எண்ணைக் கண்டால் அது முறைமையே, கை வைக்கக்கூடாது. பாடசாலைக் கணினி அறையில் என்றால், நீங்கள் நிறுத்துவது ஆசிரியர் இயக்கிய சேவையாகவும் இருக்கலாம்.

சில வேளைகளில் துறையைப் பிடித்திருப்பது வேறு மென்பொருள் அல்ல, அதே மென்பொருளின் இன்னொரு பிரதி. சாளரத்தை மூடினாலும் பின்னணியில் அது இயங்கிக்கொண்டிருக்கும். பிட்ல்பீயில் இது அடிக்கடி நடக்கும். அதைத் தனியாக இயங்கவும் விடலாம், இணைப்பு வரும்போது மாத்திரம் எழுப்பும் பொதுச் சேவை ஒன்றின் ஊடாகவும் இயக்கலாம். இரண்டையும் ஒருசேர அமைத்தால், தன் துறையில் தானே மோதும். இன்னொரு சந்தர்ப்பம், பதிலாளை நிறுத்திய உடனேயே மீள இயக்குவது. மூடப்பட்ட இணைப்புகளை லினக்ஸ் 60 செக்கன் வரை பதிவேட்டில் வைத்திருக்கும், தாமதித்து வரும் பொதிகள் புதிய இணைப்பில் கலந்துவிடக்கூடாது என்பதற்காக. இதற்கேற்ப எழுதப்படாத மென்பொருள் அந்த ஒரு நிமிடத்துக்குள் எழும்பாது. இங்கே மருந்து எதுவும் தேவையில்லை, பொறுமைதான்.

புதிய எண்ணைத் தெரிதல்

இரண்டு பதிலாள்களும் வேண்டும் என்றால் ஒன்றின் எண்ணை மாற்ற வேண்டியதுதான். எதை மாற்றுவது? என் அபிப்பிராயத்தில் இசட்.என்.சி. ஐ மாற்றுவதே நல்லது. காரணம் உண்டு. அதனை மேலோடி ஊடாகவும் நிருவகிக்கலாம். ஆனால் மேலோடிகள் பாதுகாப்புக் கருதி 6665 தொடக்கம் 6669 வரையான துறைகளையும் 6697 ஐயும் திறக்க மறுக்கின்றன. எனவே 6667 இல் அது எழும்பினாலும் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. இசட்.என்.சி. ஐ முதன்முதலில் அமைக்கும்போது 6667 என்று கொடுத்தால் அதுவே இதை எச்சரிக்கும். வாசிக்காமல் "ஆம்" என்று தட்டுகின்றோம்.

எண்ணைத் தெரியும்போது 1024 இற்குக் கீழே போகாதீர்கள். நிருவாகி அதிகாரம் வேண்டும் என்று மேலே கண்டோம். மிக மேலேயும் போகாதீர்கள். தற்காலிகத் துறைகளின் வீச்சு வின்டோஸ் விஸ்டாவிலிருந்து 49152 தொடக்கம் 65535 வரை. லினக்ஸில் வழமையாக 32768 தொடக்கம் 60999 வரை. அந்த வீச்சில் ஓர் எண்ணைப் பதிலாளுக்குக் கொடுத்தால், மேலோடி போகிற போக்கில் அதே எண்ணைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது பதிலாள் இன்று எழும்பும், நாளை எழும்பாது, மறுநாள் எழும்பும். இப்படி இடைக்கிடை வரும் பிழையைப் போலத் தொல்லை தருவது வேறில்லை. 1080, 3128, 8080, 9050 என்பன வேறு பதிலாள்கள் வழமையாக எடுக்கும் எண்கள், அவற்றையும் தவிருங்கள். ஞாபகத்தில் நிற்கக்கூடிய 16667 போன்ற ஓர் எண் போதும். முதலில் நெட்ஸ்டாட்டில் பார்த்து அது வெறுமையாக இருப்பதை உறுதிசெய்த பின்னரே கொடுங்கள்.

மாற்றியதோடு வேலை முடியவில்லை. அரட்டை மென்பொருளின் அமைப்பில் பழைய எண் இருக்கின்றது. தீச்சுவரில் பழைய எண்ணுக்கு அனுமதி கொடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அரட்டை மென்பொருளில் மாற்ற மறந்தால் இப்போது வேறொரு செய்தி வரலாம்: "இணைப்பு மறுக்கப்பட்டது." இரண்டு செய்திகளையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள். "முகவரி பயன்பாட்டில் உள்ளது" என்பது துறையில் வேறொருவர் இருக்கின்றார் என்பது. சேவையகப் பக்கத்துப் பிழை. "இணைப்பு மறுக்கப்பட்டது" என்பது அந்தத் துறையில் ஒருவரும் இல்லை என்பது. அரட்டை மென்பொருளின் பக்கத்தில் தோன்றுவது. வின்டோஸில் 10013 என்ற இலக்கம் வந்தால் அது அனுமதி மறுப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு.

கடவுச்சொல் யாரிடம் போகின்றது?

இதுவரை சொன்னது வசதியைப் பற்றியது. இனிச் சொல்வது பாதுகாப்பைப் பற்றியது. பிழைச்செய்தி வந்தால் நல்லது என்றே சொல்வேன்; வராமல் இருப்பதுதான் ஆபத்து.

பல பயனர்கள் பகிரும் ஒரு லினக்ஸ் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஆனால் துறைகள் எல்லோருக்கும் பொது. 1024 இற்கு மேற்பட்ட எண்ணை யார் முதலில் கேட்கின்றாரோ அவருக்கே அது. உங்கள் பதிலாள் எழும்பவில்லை. ஏனெனில் இன்னொரு பயனரின் பதிலாள் 6667 ஐப் பிடித்துவிட்டது. நீங்கள் அதைக் கவனிக்காமல் அரட்டை மென்பொருளைத் திறக்கின்றீர்கள். அது 127.0.0.1 இன் 6667 உடன் இணைகின்றது. இணைப்பு வெற்றி! உடனே உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புகின்றது. யாருக்கு? துறையில் யார் இருக்கின்றாரோ அவருக்கு. துறை எண் ஓர் இடத்தைச் சொல்லுமே தவிர, அங்கே இருப்பவர் யார் என்பதைச் சொல்லாது. அந்த மற்றப் பயனர் நல்லவராக இருந்தால் "கடவுச்சொல் பிழை" என்ற செய்தியுடன் முடியும். அல்லாவிட்டால், உங்கள் எல்லாக் கணக்குகளையும் திறக்கும் சாவி அவர் கையில். பதிலாள் என்பது உங்கள் எல்லா அரட்டைக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் ஒன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆகவே பகிரும் கணினியில் பதிலாள் எழும்பியதை உறுதிசெய்யாமல் அரட்டை மென்பொருளைத் திறக்கக்கூடாது. குறியாக்கம் செய்த இணைப்பும், பதிலாளின் சான்றிதழைச் சரிபார்ப்பதும் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கும்.

வின்டோஸில் இன்னொரு விசித்திரம் உண்டு. துறையைப் பகிர அனுமதிக்குமாறு கேட்டு எழுதப்பட்ட இரண்டு மென்பொருள்கள் ஒரே துறையில் பிழைச்செய்தி இன்றியே அமர்ந்துவிடக்கூடும். வரும் இணைப்பு எதற்குப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செய்தி வரவில்லை என்பதால் மோதல் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், நெட்ஸ்டாட்டைப் பாருங்கள்.

மோதலைத் தீர்க்கும் அவசரத்தில் சிலர் தீச்சுவரை முற்றாக நிறுத்துவார்கள், பதிலாளை 0.0.0.0 இல் வைப்பார்கள். தீச்சுவருக்கும் துறை மோதலுக்கும் சம்பந்தமே இல்லை. பலன், உங்கள் கணினிக்குள் இருக்க வேண்டிய பதிலாள் ஊருக்கே திறந்த பதிலாளாகின்றது. கடவுச்சொல் இல்லாத பதிலாள் ஒன்று அப்படித் திறந்துகிடந்தால், முன்பின் தெரியாதவர்கள் அதன் ஊடாகத் தம் காரியத்தைச் செய்வார்கள். தடயத்தில் பதிவாவது உங்கள் ஐ.பி. முகவரி. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் பதிலாளுக்கு 127.0.0.1 போதும்.

அரட்டை மென்பொருள் வேறு வேலைகளுடனும் மோதும்

இதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 2025 மே மாதம் மூடப்பட்ட ஸ்கைப், உள்வரும் இணைப்புகளுக்காக 80, 443 ஆகிய துறைகளையும் மாற்றாகப் பயன்படுத்தியது. வலைப்பக்கம் வடிவமைக்கப் பழகுவதற்காகத் தம் கணினியில் அப்பாச்சி வலைச் சேவையகத்தை நிறுவியவர்கள் அது எழும்பாமல் திண்டாடினார்கள். 80 ஐப் பிடித்திருந்தது ஸ்கைப். அதன் அமைப்பில் ஒரு சரிக்குறியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. மேலே கண்ட வழியில் தேடியவர்கள் உடனே கண்டார்கள். மற்றவர்கள் அப்பாச்சியைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி வினாக்களும் விடைகளும்

1. ஒரே கணினியில் இயங்கும் இரண்டு அரட்டை மென்பொருள்கள் ஒரே பதிலாளின் 6667 ஆம் துறையுடன் ஒரே நேரத்தில் இணையலாமா?

ஆம். துறையில் செவிமடுப்பது பதிலாள் ஒன்றே. இணையும் இரண்டு மென்பொருள்களின் பக்கத்திலும் தற்காலிகத் துறை எண்கள் வேறுபடுவதால் இரண்டும் தனித்தனி இணைப்புகளாகும். (ஆம் என்று மட்டும் எழுதினால் அரைவாசி விடைதான், காரணம் எழுத வேண்டும்.)

2. பதிலாள் "அ" 127.0.0.1 இன் 7100 ஆம் ரி.சி.பி. துறையில் செவிமடுக்கின்றது. லினக்ஸ் கணினியில் பின்வருவனவற்றுள் எது எழும்பாது? (i) 127.0.0.1 இன் யு.டி.பி. 7100, (ii) 127.0.0.2 இன் ரி.சி.பி. 7100, (iii) 0.0.0.0 இன் ரி.சி.பி. 7100.

விடை (iii). 0.0.0.0 என்பது 127.0.0.1 ஐயும் உள்ளடக்கும். (i) இல் பதிவேடு வேறு. (Ii) இல் முகவரி வேறு.

3. மாணவர் ஒருவர் பதிலாளின் துறையை 6667 இலிருந்து 16667 ஆக மாற்றினார். பதிலாள் எழும்பியது. 6667 இல் வேறெதுவும் இயங்கவில்லை. அரட்டை மென்பொருளில் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வந்தது. காரணம் யாது?

அரட்டை மென்பொருள் இன்னும் 6667 ஐயே அழைக்கின்றது. அங்கே செவிமடுப்பவர் இல்லை. அரட்டை மென்பொருளின் அமைப்பில் 16667 எனக் கொடுக்க வேண்டும்.

4. மேலே தரப்பட்ட நான்கு வரி வெளியீட்டில், இப்பதிலாள் பக்கத்துக் கணினியிலிருந்தும் அடையப்படக்கூடியது என்பதைக் காட்டும் வரி எது? அதனைத் தடுக்க என்ன செய்யலாம்?

முதலாம் வரி. 0.0.0.0 என இருப்பதால் 192.168.1.5 என்ற முகவரியிலும் அது செவிமடுக்கின்றது; தீச்சுவர் தடுக்காவிட்டால் பக்கத்துக் கணினி இணையலாம். செவிமடுக்கும் முகவரியை 127.0.0.1 என மாற்றிப் பதிலாளை மீள இயக்கி, நெட்ஸ்டாட்டில் முதல் வரி மாறியுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.